போனட்டைத் திறக்கப் பயப்படும் ஹைபிரிட் சொந்தக்காரர்கள்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி அக்குறணைப் பக்கம் போகும் ஏ9 வீதியில் மாலை நேரத்து நெரிசலில் அகப்பட்டவர்கள், தமக்கு முன்னும் பின்னும் நிற்கும் வாகனங்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிரியஸ், அக்வா, எக்ஸியோ, பிட், வெசல், கிரேஸ் என்று ஹைபிரிட் கார்களாகவே நிற்கும். எமது வியாபாரிகள், ஆசிரியர்கள், வெளிநாட்டில் உழைத்து வந்தவர்கள் எனப் பலரும் வாழ்நாள் சேமிப்பை, போதாததற்கு லீசிங் தவணையையும் சேர்த்து, இந்த நான்கு சில்லுகளின் மேல்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ரூபாவின் பெறுமதி விழுந்துவிட்டது. டொலர் ஒன்று 200 ரூபா அளவிலிருந்து 2022இல் 360 ரூபா அளவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத கனி. ஆகவே 2012ஆம், 2014ஆம் ஆண்டு கார்களைத்தான் நாம் இன்னும் பல வருடங்களுக்கு ஓட்டப்போகிறோம். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவைத் தொட்டபோது, ஹைபிரிட் வைத்திருந்தவன் கெட்டிக்காரன் என்றார்கள். அந்தக் கெட்டிக்காரன் தன் காரின் போனட்டை எத்தனை தடவை திறந்து பார்த்திருக்கிறான் என்பதுதான் என்னுடைய கேள்வி.

உதிரிப்பாகக் கடைக் கவுண்டரில் நிற்பவனுக்கு ஊர்க்காரரின் பயங்கள் எல்லாம் தெரியவரும். பழைய கொரோல்லாவுக்கு ஒயில் மாற்றி, பிளக் கழற்றிச் சுத்தம் செய்து, பேன் பெல்ட் மாட்டிப் பழகிய மனிதர்கள்கூட ஹைபிரிட் வாங்கிய பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால், "வேணாம் நாநா, கரண்ட் வண்டி, அடிச்சுப் போடும்" என்கிறார்கள். இந்தப் பயத்தில் பாதி நியாயமானது. மறுபாதி வீண் செலவு. எது எந்தப் பாதி என்று தெரியாததால்தான் எம்மவர்களின் பணம் கரைகிறது.

முதலில் நியாயமான பாதியைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தலைமுறை பிரியஸின் பெரிய பெட்டரி 201.6 வோல்ட். அக்வாவில் அது 144 வோல்ட். பிரியஸின் இன்வேர்ட்டர் தேவையான நேரத்தில் அதை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கிறது. எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மின்சாரம் ஓடும் வயர்கள் அனைத்துக்கும் செம்மஞ்சள் நிற உறை போட்டிருக்கிறார்கள். செம்மஞ்சள் வயரையும், அது போய்ச் சேரும் பெட்டிகளையும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது, கழற்றக் கூடாது. சேர்விஸ் பிளக்கை இழுத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இழுத்த பிறகும் இன்வேர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட்டுக்குரிய இறப்பர் கையுறை அணிந்து, மீட்டர் வைத்து அளந்த பின்னரே தொட வேண்டும் என்பது பயிற்சி பெற்றவர்களுக்கான விதி. அந்தக் கையுறை இல்லாமல் பெரிய பெட்டரியைத் திறக்கும் கராஜைக் கண்டால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து இதைவிட அன்றாடமானது. டாஷ்போர்டில் "ரெடி" என்ற விளக்கு எரியும்வரை கார் உயிரோடு இருக்கிறது. சத்தம் வராததால் நின்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டு போனட்டுக்குள் கைவிட்டால், பெட்டரி சற்றுக் குறைந்த கணத்தில் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். ஆகவே எந்த வேலையானாலும் முதலில் காரை முழுவதுமாக நிறுத்தி, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள், காரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துவிட வேண்டும். மேசையில் கிடக்கும் சாவியை எடுத்துக்கொண்டு வந்து பொத்தானை அமுக்கிப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜில் ரெடி நிலையில் விட்டுவிட்டு உறங்கப் போகவும் கூடாது. சாவியில்லாமல் பொத்தானில் இயங்கும் கார்களை இப்படி மறந்துவிட்டதால் காபன் மொனொக்சைட் புகை வீட்டுக்குள் நிறைந்து உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சையாகவே எழுந்தது.

இனி அந்த மறுபாதி.

ஹைபிரிட் காரில் இரண்டு பெட்டரி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெரியது காரை ஓட்டுவதற்கு. சிறியது எல்லா வாகனத்திலும் இருப்பது போன்ற 12 வோல்ட் பெட்டரி. பிரியஸில் அது பின்பக்க டிக்கியின் தரைக்குக் கீழே ஒரு மூலையில் இருக்கிறது. அக்வாவில் பின் இருக்கைக்குக் கீழே. சாதாரண காரில் இந்தப் பெட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட் எடுக்கும்போது இழுத்து இழுத்துச் சத்தம் போட்டு எமக்குச் சொல்லிவிடும். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றித் தொடக்குவது பெரிய பெட்டரி. சின்னப் பெட்டரியின் வேலை கணினிகளை எழுப்புவதும், பெரிய பெட்டரியின் சுவிட்சுகளை மூடுவதும் மட்டுமே. அதனால் அது தளர்ந்து வருவது வெளியில் தெரியாது. ஒருநாள் காலையில் திடீரென்று ரெடி வராது. அல்லது டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். சொந்தக்காரருக்கு நெஞ்சு படபடக்கும். "ஹைபிரிட் பெட்டரி போச்சு" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

எனது வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இப்படித்தான் ஒரு கராஜுக்குப் போனார். பெரிய பெட்டரி மாற்ற வேண்டும், பல இலட்சம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கைவைக்கப் போகிறேன் என்று கடையில் வந்து உட்கார்ந்தார். "சேர், சின்னப் பெட்டரிக்கு எத்தனை வயசு?" என்று கேட்டேன். கார் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை என்றார். மல்டி மீட்டரை எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தோம். 12 வோல்ட்டுக்குக் கீழே நின்றது. சிறிய பெட்டரியை மட்டும் மாற்றினார். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. அந்த கராஜ் வேண்டுமென்று சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. பணம் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு மல்டி மீட்டர் வீட்டில் இருக்கட்டும். இரவு முழுவதும் நின்ற காரில் காலையில், வேறு எதையும் போடுவதற்கு முன் அளந்தால் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். காரை ரெடியில் வைத்து அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் கோளாறு பெட்டரியில் இல்லை, அதற்குச் சார்ஜ் கொடுக்கும் பகுதியில். இவ்வளவையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே அல்லது டிக்கிக்குள் வைக்கும் பெட்டரி, வாயு வெளியே போவதற்கான சிறு குழாய் பொருத்தக்கூடிய வகையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று லொறிக்காரர் போடும் சாதாரண பெட்டரியை வாங்கிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தால் அதன் வாயுவைப் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள். பிளஸ், மைனஸ் மாறிக் கொடுத்துவிட்டால் சிறு தீப்பொறியோடு பல இலட்சம் போகும். அடுத்த வீட்டு லொறி ஸ்டார்ட் வரவில்லை என்று உங்கள் ஹைபிரிட்டிலிருந்து கேபிள் கொடுக்கவும் வேண்டாம். அயலவருக்கு உதவ வேறு வழிகள் இருக்கின்றன.

2020 ஊரடங்கிலும் 2022 எரிபொருள் வரிசைக் காலத்திலும் கார்கள் வாரக்கணக்கில் நின்றன. அந்தக் காலத்தில் என் கடையில் அதிகம் விற்ற பொருள் இந்தச் சின்னப் பெட்டரிதான். ஓட்டாமல் வைத்தால் ஹைபிரிட் கெடாது என்பது தவறான எண்ணம். பெரிய பெட்டரியும் சும்மா இருக்கும்போது மெதுவாக இறங்கும். வாரம் ஒரு தடவையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள். வீட்டு வாசலில் ரெடியில் நிறுத்தி வைப்பதைவிட அது நல்லது.

அடுத்தது காற்று வழி. பெரிய பெட்டரியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: எமது ஊரில் பெட்டரிகள் வயதினால் சாவதைவிடச் சூட்டினால் சாவது அதிகம். பிரியஸ், அக்வா, எக்ஸியோ போன்றவற்றில் பெட்டரியைக் குளிரவைப்பது தண்ணீர் இல்லை. காருக்குள் இருக்கும் காற்றை ஒரு விசிறி இழுத்து பெட்டரியின் மேல் விடுகிறது. அந்தக் காற்று போகும் வாய், பின் இருக்கையின் பக்கத்தில் சல்லடை மாதிரி ஓர் அடைப்போடு இருக்கும். அதை முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தால் பாதிப் பேர் வெட்கப்படுவீர்கள். சீட் கவர் போட்டவன் அதை மூடித் தைத்திருப்பான். அல்லது பாடசாலைப் பை, குடை, அரிசி மூட்டை அதன்மேல் சாய்ந்து கிடக்கும்.

எமது புடவை வியாபாரிகளுக்கு இதில் தனிக் கவனம் தேவை. கொழும்பிலிருந்து துணிக்கட்டுகளை அக்வாவில் ஏற்றி வருகிறார்கள். பின் இருக்கை முழுவதும் கட்டு. காற்றுப்போகும் வாய் அடைபடுகிறது. போதாததற்குத் துணியிலிருந்து பறக்கும் நூல் தூசியை அந்த விசிறி உறிஞ்சித் தன் இறக்கைகளில் சுற்றிக்கொள்கிறது. ஏ.சி. போடாமல் சிக்கனம் பார்த்துக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுவார்கள். சூடான காற்று, அதுவும் அரைகுறையாக. அந்த நேரத்தில் பின்பக்கமிருந்து விர்ரென்று ஒரு சத்தம் கேட்டால் அது விசிறி முழு வேகத்தில் சுற்றும் சத்தம். பெட்டரி சூடாகிவிட்டது என்று கார் உங்களிடம் முறையிடுகிறது.

சில மொடல்களில் அந்த வாய்க்குள் சிறிய பில்டர் ஒன்று உண்டு. வேறு சிலவற்றில் அதுவும் இல்லை. வீட்டுத் தூசி உறிஞ்சியைச் சல்லடையில் வைத்து மாதம் ஒரு தடவை இழுத்தால் போதும். பில்டர் இருந்தால் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம். காற்றை உள்ளே ஊதக் கூடாது, தண்ணீர் அடிக்கவே கூடாது. விசிறியையே கழற்றிக் கழுவ வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால் அது வேலை தெரிந்த பாஸின் வேலை, ஏனென்றால் விசிறிக்குப் பக்கத்திலேயே செம்மஞ்சள் வயர் போகிறது. கண்டியின் காலநிலை கொழும்பைவிடப் பெட்டரிக்கு நல்லது. அந்த அதிர்ஷ்டத்தை ஒரு அரிசி மூட்டையால் அடைத்துவிட வேண்டாம்.

கூலன்ட் பற்றிச் சுருக்கமாக. போனட்டைத் திறந்தால் பிரியஸிலும் அக்வாவிலும் இரண்டு போத்தல் தெரியும். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது இன்வேர்ட்டருக்கு. இரண்டிலும் கோடு வரை இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை, கார் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது எம்மவர்களின் பழைய வழக்கம். தயவுசெய்து அதைக் கொரோல்லாவோடு புதைத்துவிடுங்கள். அதே வகைக் கூலன்ட் மட்டும்தான். அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. இன்னொரு சிறு சோதனை: ரெடியில் வைத்துக் கையை உள்ளே விடாமல் இன்வேர்ட்டர் போத்தலைப் பார்த்தால் நீர் அசைவது தெரியும். அசைவே இல்லை என்றால் பம்ப் நின்றிருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் போனட்டுக்குள் அழுத்தத் தண்ணீர் அடிக்க வருவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒயில் விடயத்தில் கவுண்டரில் தினமும் எனக்கு ஒரு சண்டை. ஸீரோ டபிள்யூ 20 என்ற மெல்லிய ஒயிலைக் கொடுத்தால், "இது தண்ணி மாதிரி இருக்கே, தடிப்பானது தாங்க" என்பார்கள். அடிக்கடி நின்று நின்று தொடங்கும் எஞ்சினுக்கு உடனே மேலேறும் மெல்லிய ஒயில்தான் தேவை. அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அடுத்தது அளவு. அக்வாவின் எஞ்சினுக்கு பில்டரோடு சேர்த்து 3.7 லீட்டர் போதும். கடையில் கிடைப்பது 4 லீட்டர் கேன். காசு கொடுத்து வாங்கியதல்லவா என்று முழுவதையும் கவிழ்த்துவிடுவார்கள். மிச்சத்தை மூடி வையுங்கள். வீட்டில் ஒயில் மாற்றுகிறவர்கள் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகக் கூடாது, இரும்பு ஸ்டாண்ட் வைக்க வேண்டும். கழித்த ஒயிலைக் கானில் ஊற்றினால் அது மகாவலிக்குத்தான் போய்ச் சேரும். கேனில் பிடித்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம்.

பிரேக்கைப் பொறுத்தவரை பார்க்கலாம், கழற்ற வேண்டாம். கால் வைத்தவுடன் மோட்டாரே வேகத்தைப் பிடித்துப் பெட்டரிக்கு அனுப்பிவிடுவதால் பேட் அதிக காலம் வரும். பாவனை குறைவதால் எமது ஈரக் காற்றுக்கு அதன் பின்கள் துருப்பிடித்து இறுகும் என்பது மறுபக்கம். வருடம் ஒரு முறை கழற்றிக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் மாற்றுவதற்குக் கணினி தேவைப்படும், அது வீட்டு வேலை இல்லை. கடுகண்ணாவையில் இறங்கும்போது பெட்டரி நிறைந்ததும் எஞ்சின் திடீரென்று இரையத் தொடங்குவதைக் கேட்டுப் பயந்து என்னிடம் வந்தவர்கள் பலர். நிறைந்த பெட்டரிக்கு மேலும் ஏற்ற முடியாததால் கார் எஞ்சினைச் சுழற்றி வேகத்தைக் குறைக்கிறது. நீண்ட இறக்கத்தில் கியரை "பி"யில் போட்டாலும் அதே சத்தம் வரும். கோளாறு இல்லை.

இப்படி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது கராஜ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். "நாநா, எல்லாரும் வீட்டுலயே பாத்துக்கிட்டா நாங்க கராஜ மூடவா?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். சல்லடையைத் துடைப்பதிலும் 12 வோல்ட்டை அளப்பதிலும் எந்த நல்ல மெக்கானிக்கும் பணக்காரன் ஆனதில்லை. அவனுக்குப் பணம் வருவது யாருக்கும் செய்ய முடியாத வேலையில். பெரிய பெட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரியஸில் 28 துண்டுகள் கோர்த்திருக்கும். "ஒன்றுதான் பழுது, அதை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்பவன் விலை குறைவாகச் சொல்வான். பத்து வருடம் ஓடிய 27 துண்டுகளுக்கு நடுவில் வேறெங்கோ ஓடிய ஒரு துண்டைச் சொருகினால் சில மாதங்களில் அடுத்தது விழும், பிறகு அடுத்தது. எல்லாத் துண்டையும் அளந்து, ஒத்த பலமுள்ளவற்றைச் சேர்த்து, எழுத்தில் உத்தரவாதம் தருகிறவன் அதிகம் கேட்பான். அவனிடம் போங்கள் என்றுதான் நான் எழுதுகிறேன். தன் காரைத் தெரிந்த வாடிக்கையாளனால் நட்டப்படுவது ஊகத்தில் பில் போடுகிறவன் மட்டுமே.

பாவித்த ஹைபிரிட் வாங்க, விற்க இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எச்சரிக்கை விளக்கைக் கணினியில் அழித்துவிட்டுக் காரைக் காட்டுவது சுலபம். சில நாட்களில் அது திரும்ப எரியும்போது விற்றவர் தொலைபேசி எடுக்க மாட்டார். ஓபிடி என்ற சிறு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிக் கைத்தொலைபேசியில் பெட்டரித் துண்டுகளின் வோல்ட்டை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஏற்றத்தில் ஓட்டும்போது ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிடச் சரிந்தால் விலை பேசும் இடம் அதுதான். விற்பவர்கள் ஒரு கொப்பி வைத்திருந்தால் நல்லது: எந்தத் திகதியில், எத்தனை கிலோ மீற்றரில், என்ன ஒயில், என்ன பெட்டரி என்று பில்லோடு. கடைக் கணக்கை ஒரு ரூபா விடாமல் எழுதும் நாம், கடையின் ஒரு வருட இலாபத்தைவிடப் பெறுமதியான காருக்குக் கணக்கு வைப்பதில்லை.

வெள்ளம் வரும் இடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகரில் தண்ணீர் ஏறுவது எமக்குப் புதிதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் படுத்திய பாடும் கண்ணுக்கு முன் நிற்கிறது. அக்வாவின் பெரிய பெட்டரியும் சின்னப் பெட்டரியும் பின் இருக்கைக்குக் கீழே, அதாவது தண்ணீர் முதலில் சேரும் உயரத்தில் இருக்கின்றன. தரை விரிப்பு நனையுமளவு தண்ணீர் ஏறிய காரில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்கவே வேண்டாம். கட்டி இழுக்கவும் வேண்டாம். முன் சில்லு சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். நான்கு சில்லும் தரையில் படாமல் வாகனத்தில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இவையெல்லாம் வெகன் ஆருக்கும் பொருந்துமா என்று பலர் கேட்பதுண்டு. வெகன் ஆரில் இருப்பது வேறு முறை. அங்கே உயர் வோல்ட் கிடையாது. முன் பயணி இருக்கைக்குக் கீழே 12 வோல்ட் லித்தியம் பெட்டரி ஒன்றும், போனட்டுக்குள் வழமையான பெட்டரி ஒன்றும் உண்டு. போனட்டுக்குள் இருப்பதை மாற்றும்போது சிக்னலில் எஞ்சின் நின்று தொடங்கும் வாகனங்களுக்கென்று தயாரித்த பெட்டரியையே கேட்டு வாங்க வேண்டும், சாதாரணமானது அந்தப் பாரத்தை அதிக நாள் தாங்காது. அத்தோடு எஞ்சினைத் தொடக்குவதும் உதவுவதும் ஒரு பெல்ட் வழியாக நடப்பதால், ஒயில் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் டோர்ச் அடித்து அந்தப் பெல்ட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.